நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போகும் பாகங்கள்: ஜிங்க் போட்டது நாலே மாசத்தில் பூத்துவிட்டது, வேறு என்ன ஃபினிஷ் கொடுக்கலாம்?

கணபதி_லேத்து (கேள்வி)

வணக்கமுங்க.

கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு லேத்து, ஒரு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), அப்பா காலத்து ஷேப்பிங் மெஷின் ஒன்று. அதை எடைக்குப் போட மனசு வரவில்லை. பதினோரு வருஷமாகப் பம்புக்கும் ஜவுளி மெஷினுக்கும்தான் ஜாப் ஒர்க். கடைந்து, பிசிறு எடுத்து, எண்ணெய் தடவிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஃபினிஷ் என்றால் எனக்குத் தெரிந்தது பழைய டிராயிங்கில் வழவழப்பைக் குறிக்கப் போட்டிருக்கும் முக்கோணம்தான். மேலே பூசுகிற வேலையெல்லாம் பார்ட்டியே பார்த்துக்கொள்வார்.

போன ஆடியில் நாமக்கல் பார்ட்டி ஒருவர், கோழிப் பண்ணையில் தீவனம் தள்ளும் லைனுக்கு டிரைவ் செட் கேட்டார். முதல் தடவையாக முழு செட்டாக, பூச்சோடு சேர்த்து நானே கொடுக்க வேண்டும். நாற்பது செட். ஒரு செட்டில் இருப்பது: 2.5 மில்லி சிஆர் ஸ்டீல் தகட்டில் வளைத்த பிராக்கெட் (இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங்), 20 மில்லி இஎன்8 ஸ்டீல் ஷாஃப்ட், எம்8 (8 மில்லி மரை) ஸ்டட் நாலு, ஸ்பிரிங் ஸ்டீல் கிளிப், எல்எம்6 அலுமினிய வார்ப்பில் கியர்பாக்ஸ் கூடு, ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி.

ஸ்டீல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி ஜிங்க் (துத்தநாகம்) பிளேட்டிங்குக்கு அனுப்பினேன். வழக்கமாகப் பார்ட்டிகள் கொடுக்கும் இடத்தை விட்டு, கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு என்று வேறு இடத்தில் கொடுத்தேன். அதற்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

நடந்தது இது:

ஷாஃப்ட் திரும்பி வந்ததும் பேரிங் ஏறவில்லை. பிளேட்டிங்குக்கு முன் 19.995 இருந்தது, கையால் தள்ளினால் உட்காரும். வந்தபின் மைக்ரோமீட்டர் 20.015 காட்டியது. எமரித் தாள் போட்டுத் தேய்த்து ஏற்றினோம். எம்8 ஸ்டட்டில் நட்டு மூன்று சுற்றோடு நின்றுவிட்டது. அதற்கும் மரை வெட்டும் டை விட்டோம்.

கிளிப்தான் பெரிய கூத்து. சாயங்காலம் நாற்பது ஷாஃப்ட்டிலும் மாட்டிவிட்டு ஷட்டரைச் சாத்தினோம். காலையில் வந்து பார்த்தால் பதினோரு கிளிப் இரண்டு துண்டாகக் கீழே கிடக்கிறது. யாரும் தொடக்கூட இல்லை. பையன் பேய் என்கிறான்.

ஐப்பசி மழையில் பார்சல் போட்டு அனுப்பினேன். மாசியில் நாலு பிராக்கெட் திரும்பி வந்தது. மேலெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை, தகடு சேரும் இடத்தில் மட்டும் செம்மண் வடிந்த மாதிரிக் கோடு. பெயின்ட் அடித்த ஏபிஎஸ் மூடியில் ஸ்க்ரூ போடும் குமிழைச் சுற்றி வெடிப்பு. போட்டோ போட்டிருக்கிறேன்.

அடுத்த லாட் அறுபது செட் கேட்கிறார், பார்ட்டி நல்ல மனுஷன். அலுமினியக் கூட்டுக்கு இப்போது வெறும் பெயின்ட். அதை நீலத்தில் அனோடைசிங் (கரண்ட் விட்டு ஆக்சைடு படலம் ஏற்றிச் சாயம் போடுவது) போட்டால் பார்வையாக இருக்குமா? ஷாஃப்ட்டுக்கு ஒரு புஷ் வேண்டும், பித்தளையில் நிக்கல் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

சேலம்_வெல்டர்

எல்லாத்தையும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304ல போட்டுடுங்க. பூச்சும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

குறிச்சி_டேங்க்

தம்பி, போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். குறிச்சி சிட்கோவில் இருபத்தாறு வருஷம் பிளேட்டிங் டேங்க் ஓரத்தில் நின்றவன் நான். இப்போது வேலை மகன் கையில். நான் காலையில் வந்து டேங்க் தண்ணீரை டைட்ரேஷன் பார்த்துவிட்டு டீ குடிக்கிறதோடு சரி.

முதலில் பேயை ஓட்டிவிடலாம். அது ஹைட்ரஜன். ஸ்பிரிங் ஸ்டீல் கெட்டியான சாமான். துரு எடுக்க ஆசிட்டில் முக்கும்போதும், கரண்ட் விட்டு ஜிங்க் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ளே புகுந்துகொள்ளும். மேலே ஜிங்க் மூடிவிடுவதால் வெளியே வர வழி இல்லை. கிளிப்பை விரித்து மாட்டி இழுவை கொடுத்ததும், ராத்திரியோடு ராத்திரியாக அது விரிசலைத் திறந்துவிடும். 10.9, 12.9 கிரேடு என்கிற கெட்டி போல்ட்டிலும் இந்த ஆபத்து உண்டு. பிளேட்டிங் முடிந்து நாலு மணி நேரத்துக்குள், ஜிங்க் மேல் பாதுகாப்புப் படலம் ஏற்றும் பாசிவேஷன் போடுவதற்கு முன்பே, 190 முதல் 220 டிகிரி வரை ஓவனில் பல மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். மூன்று ரூபாய் குறைத்து வாங்கினவர் ஓவன் கரண்டுக்கு எங்கே போவார்? இதில் அவரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. சாக்குக்குள் ஸ்பிரிங் ஸ்டீல் கிடக்கிறது என்று நீங்கள் டிசியில் (டெலிவரி சலானில்) எழுதினீர்களா? எங்களிடம் வரும் டிசியில் பாதிக்கு மேல் 'மெட்டீரியல்: எம்எஸ்', அதாவது சாதா மைல்டு ஸ்டீல், என்றுதான் இருக்கும். உங்கள் கிளிப்புக்கு என் யோசனை, பிளேட்டிங்கே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பியில் சுற்றி வாங்கிவிடுங்கள்.

ஷாஃப்ட்டுக்கு வருவோம். பக்கத்துக்கு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறினால் விட்டத்தில் 20 மைக்ரான். உங்கள் 19.995 தான் 20.015 ஆனது, கணக்கு அச்சாக உட்காருகிறது. பிளேட்டிங் போட்டவர் அந்த வகையில் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். த்ரெட்டில் இது இன்னும் மோசம். 60 டிகிரிச் சரிவில் ஏறுவதால் பிட்ச் விட்டத்தில் (மரைச் சரிவின் நடுவே அளக்கும் விட்டம்) நாலு மடங்கு கூடும். 10 மைக்ரான் பூச்சுக்கு 40. எம்8 ஸ்டட்டை 6ஜி என்கிற டாலரன்ஸ் அளவில் போட்டால் உங்களுக்கு இருக்கிற இடம் 28 மைக்ரான்தான். அளவின் மேல் ஓரத்தில் நிற்கும் த்ரெட்டுக்கு 7 மைக்ரானுக்கு மேல் தாங்காது. டை விட்டு நட்டை ஏற்றினீர்களே, அங்கே ஜிங்க் போச்சு. துரு முதலில் அங்கேதான் பிடித்திருக்கும், பாருங்கள்.

பேரிங் உட்காரும் இடத்துக்கு ஜிங்க் ஆகவே ஆகாது, அது மெத்து மெத்தென்று இருக்கும். எலக்ட்ரோலெஸ் நிக்கல் போடுங்கள். கரண்ட் இல்லாமல் ஏறுவதால் முனையில் தடித்தும் பள்ளத்தில் மெலிந்தும் போகாது, சாவிப் பள்ளமான கீவேக்குள்ளும் அதே அளவு. 10 மைக்ரான் என்று முடிவு செய்தால் பூச்சுக்கு முன் 19.970 முதல் 19.975 வரை சாணை பிடித்துக் கொடுங்கள். ஏறி வந்ததும் 19.990 பக்கம் நிற்கும், ஷாஃப்ட்டுக்கான எச்6 டாலரன்ஸ் அளவுக்குள் சுகமாக அடங்கும். உங்கள் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் கிரீஸில்தானே ஓடுகிறது, அதற்கு இது போதும். டிராயிங்கில் 'பூச்சுக்கு முன் அளவு', 'பூச்சுக்குப் பின் அளவு' என்று இரண்டு வரி எழுதிவிட்டால் யாரும் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை.

இனி பிராக்கெட். அந்தச் செம்மண் கோடு எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கோடு. ஸ்பாட் வெல்டிங் போட்ட இரண்டு தகட்டுக்கு நடுவே ஆசிட் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை கழுவினாலும் வராது. அப்புறம் மாசக்கணக்கில் கசிந்து கசிந்து உள்ளிருந்தே அரிக்கும். ஒரே தகட்டில் வளைத்து எடுக்க முடியுமா பாருங்கள். முடியாது என்றால் சுற்றி முழுக்க வெல்டு வைத்து மூட வேண்டும்.

மேலே பூத்த வெள்ளைக்குக் காரணம் ஒன்றல்ல. மழை நாளில் ஈரம் காயாமல் பாலிதீனில் கட்டினீர்களா? அது ஒன்று. ஆனால் பெரிய காரணம் கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. ஈரத்தோடு சேர்ந்தால் அது துத்தநாகத்தைக் கரைக்கும். 8, 10 மைக்ரான் எல்லாம் அங்கே எத்தனை நாளைக்கு? உருக்கிய ஜிங்க்கில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங் போடுங்கள். அதற்கான ஐஎஸ்ஓ 1461 தரக் கணக்குப்படி 1.5 முதல் 3 மில்லி வரை தகட்டுக்குச் சராசரி 55 மைக்ரான் இருக்க வேண்டும். 450 டிகிரியில் முக்குவதால் மெல்லிய தகடு கொஞ்சம் முறுக்கும். மூடின பொட்டிமாதிரி இடம் இருந்தால் துளை விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் ஆவியாகி வெடிக்கும். டேப் போட்ட துளைகளைக் கடைசியில் மறுபடி டேப் விட்டுக்கொள்ளுங்கள்.

நீல அனோடைசிங் ஆசையை விட்டுவிடுங்கள். எல்எம்6 வார்ப்பில் சிலிக்கான் 10 சதவீதத்துக்கு மேல். அனோடைசிங்கில் அலுமினியம்தான் ஆக்சைடாக மாறும், சிலிக்கான் அப்படியே நிற்கும். சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத்தான் வரும், நீலச் சாயம் அதன்மேல் ஒழுங்காக ஏறாது. ஒரு பார்ட்டி கூட்டையும் மூடியையும் ஒரே நிறத்தில் கேட்டு, மூடி 6063 அலுமினியம், கூடு எல்எம்6 என்று கொண்டுவந்தார். மூடி மயில் கழுத்து மாதிரி வந்தது. கூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்.

பித்தளை புஷ்ஷும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் பட்டாளத்துத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக வெடித்துப் பிளந்தன. வைத்திருந்த இடம் குதிரை லாயம். குதிரை மூத்திரத்து அமோனியாவும் ஈரமும், இழுவையோடு இருந்த பித்தளையும் சேர்ந்தால் அதுதான் கதி. நீங்கள் புஷ்ஷை ஷாஃப்ட் மேல் அழுத்தி ஏற்றினால் அதுவும் இழுவைதான். நிக்கலில் ஒரு ஊசித் துளை போதும். பேசாமல் நைலான் புஷ் போடுங்கள்.

304 சொன்ன தம்பிக்கு: பிராக்கெட்டுக்கு அது நல்ல யோசனைதான், ரேட் ஒத்துவந்தால். ஆனால் ஸ்டட்டும் நட்டும் இரண்டுமே எஸ்எஸ் என்றால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கழலாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மோகனூர்_பண்ணை

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. கோழி என்றதும் எழுதுகிறேன். எங்களுக்கு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை.

பிளேட்டிங் அண்ணா சொன்ன அமோனியா சரிதானுங்க. மழைக்காலத்தில் விடிகாலை ஷெட்டுக்குள் போனால் கண் எரியும். கூண்டுக்குக் கீழே எரு மாசக்கணக்கில் மேடாகக் கிடக்கும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பேட்ச் கோழியையும் ஷெட்டை விட்டு வெளியேற்றினதும் நாங்கள் ஷெட் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்போம். மட்டையில் தொட்டு அடிப்பது மட்டுமில்லை, பம்பு வைத்துத் தெளிப்பதும் உண்டு. தூண், சுவர், கூண்டு, மோட்டார் ஒன்றும் தப்பாது. முன்னால் ஒருவரிடம் வாங்கின அலுமினியக் கூடு பெயின்ட் உரிந்து, அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாகப் போனது.

இன்னொன்று. டிரைவ் செட்டு ஷெட்டின் கோடியில்தான் மாட்டுவோம். பக்கமெல்லாம் திறந்த ஷெட்டு, சாயங்கால வெயில் முழுக்க அதன்மேல்தான்.

குறிச்சி_டேங்க்

சுண்ணாம்பா! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அனோடைசிங்குக்கு அரைப்பக்கம் எழுதியிருக்க மாட்டேன். 6063 ஆகவே இருந்தாலும் நீர்ச் சுண்ணாம்பு அனோடைசிங் படலத்தைத் தின்றுவிடும், அலுமினியத்தையும் தின்னும். கட்டடத்தில் அனோடைஸ் போட்ட ஜன்னலில் சிமென்ட் தெறித்தால் தழும்பு விழுவது இதனால்தான்.

அப்போது கூட்டுக்குப் பவுடர் கோட்டிங்தான் வழி. அதிலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. காரத்துக்கும் கெமிக்கலுக்கும் எபாக்சி பவுடர் நன்றாகத் தாங்கும், ஆனால் வெயிலில் நிறம் மங்கி விரலில் மாவு மாதிரி ஒட்டும். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். பண்ணைக்காரர் சொன்ன இடத்துக்கு அடியில் எபாக்சி, மேலே பாலியெஸ்டர் என்று இரண்டு கோட் கொடுங்கள். பிராக்கெட்டின் கால்வனைசிங் மேலேயும் அதையே ஏற்றிவிடலாம், ஜிங்க்குக்குச் சுண்ணாம்பும் அமோனியாவும் நேராகப் படாது.

வார்ப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் இருக்கும், ஓவனில் சூடானதும் அது பவுடரைத் துளைத்துக்கொண்டு வரும். ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பவுடர் அடிக்கும் முன்பே கூட்டை ஒருதரம் ஓவனில் விட்டு, பேக்கிங் சூட்டுக்கு மேலேயே காய்ச்சி அந்தக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். உள் மூலைகளில் பவுடர் தானாக ஏறாது, கரண்ட் அங்கே போகாமல் விளிம்புக்கே இழுக்கும். மூலைகளைக் கொஞ்சம் உருட்டிக் கொடுங்கள். பேரிங் சீட்டையும் டேப் துளையையும் பவுடர் ஏறாமல் சிலிக்கோன் ரப்பர் கார்க் போட்டு மூடச் சொல்லுங்கள்.

பூச்சு வெந்ததா என்று பார்க்க ஒரு வழி. 200 டிகிரி, பத்து நிமிஷம் என்பது உலோகம் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு எண்ண வேண்டிய கணக்கு. ஓவன் மீட்டரில் 200 காட்டினதும் எண்ணினால், கனமான கூடு இன்னும் 140ல் நிற்கும். எம்ஈகே கரைப்பானில் நனைத்த துணியால் அழுத்தி முப்பது தடவை தேயுங்கள். நிறம் துணியில் தாராளமாக வந்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்புங்கள்.

அரசூர்_மோல்டு

மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். அரசூர் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் இன்ஜெக்ஷன் மோல்டிங் ஷாப் நடத்துகிறோம்.

உங்கள் மூடி வெடித்ததற்குப் பெயின்டில் இருந்த தின்னர் காரணம். மோல்டில் வேகமாகக் குளிர்ந்த ஏபிஎஸ்ஸுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், குமிழைச் சுற்றி அதிகம். தின்னர் பட்டதும் அங்கே வெடிக்கும். ஸ்க்ரூவும் முறுக்கினால் கேட்கவே வேண்டாம். பெயின்ட் அடிக்காத மூடி ஒன்றை கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டில் அரை நிமிஷம் முக்கி, கழுவிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் இறுக்கம் அங்கே இருக்கிறது. நாங்கள் குரோம் பிளேட்டிங்குக்குப் போகும் ஏபிஎஸ் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்கிறோம். கையுறை போடுங்கள், வாடை மூக்கைத் துளைக்கும்.

பெயின்டே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஃபினிஷை மோல்டிலேயே வைத்துவிடுங்கள். ஸ்பார்க் மெஷினில் விடிஐ 30 (சொரசொரப்பு அளவுகோலில் ஒரு எண்) அளவுக்குச் சொரசொரப்பு விட்டால் கைரேகையும் கீறலும் தெரியாது, மெட்டீரியல் ஓடின கோடும் மறைந்துவிடும். பக்கச் சுவருக்கு இரண்டு டிகிரியாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளும்போது உரசிக்கொண்டு வரும்.

சுண்ணாம்புக்கும் அமோனியாவுக்கும் பிபி (பாலிப்ரொப்பிலீன்) நல்லதுதான், உடனே பிபி ஊற்றச் சொல்லிவிடாதீர்கள். ஏபிஎஸ் அரை சதவீதம் சுருங்கும், பிபி ஒன்றரை பக்கம். உங்கள் மூடி 160 மில்லி இருக்கும் போலத் தெரிகிறது. அதே மோல்டில் பிபி விட்டால் ஒன்றரை மில்லிக்கு மேல் குட்டையாக வந்து கூட்டில் உட்காராது. ஏபிஎஸ் வகையைச் சேர்ந்த ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் போடுங்கள். சுருக்கம் ஏபிஎஸ் மாதிரியே, வெயில் தாங்கும். நிறத்துக்குக் கறுப்பு அல்லது அடர் சாம்பல் மாஸ்டர்பேட்ச் (கலந்து உருக்கும் நிறமி மணி). பார்ட்டி பெயரை பேட் பிரின்ட்டாக (ரப்பர் திண்டால் ஒற்றும் அச்சு) போட்டால் போதும்.

கண்ணாடி மாதிரி மூடி கேட்டால் பாலிகார்பனேட் பக்கம் போகாதீர்கள், அமோனியா அதை உடைத்துவிடும்.

கணபதி_லேத்து

எல்லாருக்கும் நன்றிங்க. அண்ணா, நீங்கள் சொன்னபடி டிசி நகலை எடுத்துப் பார்த்தேன். 'எம்எஸ் பாகங்கள், 1 சாக்கு' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மானம் போச்சு. பார்சலும் நீங்கள் சொன்ன மாதிரித்தான். ஈரம் காயாமலே பாலிதீனில் போட்டு வாயைக் கட்டினோம்.

பிராக்கெட்டை ஒரே தகட்டில் வளைக்க டெவலப்மென்ட் (வளைக்கும் முன் விரித்த தகட்டின் அளவு) போட்டுவிட்டேன், செட்டுக்கு 300 கிராம் கூடுகிறது, பரவாயில்லை. கிளிப் ஸ்டெயின்லெஸ். ஸ்டட் கடைவதை நிறுத்திவிட்டு ரெடிமேடாக கால்வனைஸ்ட் வாங்குகிறேன். நட்டு அதற்கென்றே பெரிசாக டேப் போட்டு வருகிறதாம். அக்கா, மூடி அளந்தேன், 158. ஏஎஸ்ஏ பத்து கிலோ வாங்கி டிரையல் போடுகிறோம்.

மோகனூர் அண்ணாவிடம் ஒரு உதவி. மூன்று விதமாகப் பூசின பிராக்கெட் துண்டு அனுப்பினால் உங்கள் ஷெட்டில் கட்டித் தொங்கவிடுவீர்களா?

மோகனூர்_பண்ணை

அனுப்புங்க. எருவுக்கு மேலேயே கட்டிவிடுகிறேன். அடுத்த மாசம் ஒரு ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், அதற்குள் வந்தால் நல்லது.

குறிச்சி_டேங்க்

தம்பி, புது டிராயிங் பார்த்தேன். கால்வனைசிங்குக்கும் பவுடருக்கும் இதை எந்த இடத்தில் மாட்டித் தொங்கவிடுவார்கள்? எம்8 துளையில் கொக்கி போட்டால் அங்கே பூச்சு ஏறாது.

கணபதி_லேத்து

அய்யோ, அதை நினைக்கவே இல்லைங்ணா. கீழ் மூலையில் 6 மில்லித் துளை ஒன்று போட்டுவிடுகிறேன். மாட்டினபின் தண்ணீர் வடியவும் ஆகும்.